மணலிலும் வெண்பனியிலும் சில்லின் பிடிப்பு

ஓடுகின்ற வண்டிக்கும் அஃது ஓடுகின்ற நிலத்துக்கும் உள்ள தொடர்பு, உள்ளங்கையளவான நான்கு இடங்களிலேயே நிகழ்கின்றது. வண்டி எத்துணைப் பெரிதாயினும், எஞ்சின் எத்துணை ஆற்றல் உடையதாயினும், அவ்வாற்றல் முழுவதும் அந்நான்கு இடங்களின் வாயிலாகவே நிலத்தைச் சென்று சேர்தல் வேண்டும். சில்லு நிலத்தைப் பற்றிக்கொள்ளும் அத்திறத்தைத் தமிழ்ப்படுத்தியோர் 'இழுவை' என்றனர். இழுவை என்பது விளைவைச் சுட்டுவதேயன்றி அதன் காரணத்தைச் சுட்டுவதன்று. 'பற்று' என்னலாமோ எனின், பற்று விடுதலே சிறப்பென்று புராணபடனங்களிற் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு அது வேறு பொருள் தரும். பற்று விட்ட ஞானி உயர்வான், பற்று விட்ட சில்லோ மதகுக்குட் கிடக்கும். ஆதலின் ஊர்வழக்கிலுள்ள 'பிடிப்பு' என்னுஞ் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

தமிழ் கற்பிப்போர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். 1983ஆம் ஆண்டின் பின்னர் நம் கல்லூரியின் பழைய மாணவர் பல்லோர் கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து முதலிய குளிர்நாடுகளிற் குடியேறினர். அவருள் எம்மிடம் பயின்ற ஒருவர், வடமராட்சி கிழக்கிலே தந்தையாரின் மீன்வண்டியை மணலில் ஓட்டிப் பழகியவர், ரொறன்ரோவில் ஒரு பிக்கப் வண்டி வாங்கியபின் தொலைபேசியில் எம்மை வினவினார்: "சேர், மணலிலே புதைந்தால் ரயரின் காற்றைக் குறைப்போமே, இங்கே பனியிலும் அப்படிக் குறைத்தால் என்ன?" நல்ல வினா. மணலும் வெண்பனியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருத்தலின், ஆம் என்று விடை கூறத் துணிவோர் உளர். அவ்விடையை நம்பிப் பனிபடர்ந்த பெருந்தெருவில் ஓடுவோன் தன்னுயிரோடு பிறருயிரையும் இடரில் வைக்கின்றான். அது தவறாவது எங்ஙனம் என்பதை நிலம் நிலமாகச் சென்று ஆராய்வோம்.

முதற்கண் மாட்டுவண்டிலை நோக்குக. வண்டிற் சில்லு பாரத்தைத் தாங்குகின்றது, உருளுகின்றது, அவ்வளவே. வண்டிலை முன்னே செலுத்துவது சில்லன்று. மாட்டின் குளம்பே நிலத்தை உதைத்து முன்னேறுகின்றது. ஆதலின் வண்டிற் சில்லு வழுக்கினும் கெடுதியில்லை. இரும்புப் பட்டமடித்த மொட்டைச் சில்லே போதுமானது. மோட்டார் வண்டியின் சில்லுக்கோ இருவேறு தொழில்கள் உள. அது பாரத்தைத் தாங்கவும் வேண்டும். நிலத்தைப் பின்னோக்கித் தள்ளி வண்டியை முன்னோக்கிச் செலுத்தவும் வேண்டும். எருதின் தொழிலும் சில்லின் தொழிலும் ஓருறுப்பின் மேல் ஏற்றப்பட்டுள்ளன என்க. வண்டில் கடந்து போன மணற்பாதையிலே லொறி புதைந்து நிற்பதன் காரணம் இதுவே.

வண்டி மணலிலும் சேற்றிலும் ஆழ்தல் நம்மவர்க்குப் புதிதன்று. நெய்தல் நிலத்து உப்பை உமணர் சகடங்களில் ஏற்றி உள்நாடு சென்றதைச் சங்கச் செய்யுட்கள் பலவிடத்தும் கூறுகின்றன. புறநானூற்றின் 60ஆம் பாட்டு, கடற்கழியின் உப்பை மலைநாட்டுக்குக் கொண்டு செல்லும் வண்டி ஆழ்ந்தவிடத்து அதனை மீட்கும் வலிய எருதுக்குச் சோழன் ஒருவனை உவமை கூறுகின்றது. வண்டி அங்ஙனம் புதைதலைக் குறிக்க 'ஆழ்ச்சி' என்னும் அழகிய சொல் அங்கே ஆளப்பட்டுள்ளது. அச்சொல்லை யாமும் எடுத்துக்கொள்கின்றோம்.

இனி மணல். பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே வல்லிபுரம், குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி என்று கடலோரமாகச் செல்லும் நிலம் முழுவதும் மணலே. மணற்காட்டிலே காற்று மணலைக் குன்றுகளாகக் குவித்துள்ளது; பழைய அந்தோனியார் தேவாலயமும் அம்மணலிற் புதையுண்டு இடிபாடாகவே நிற்கின்றது. மணலின் ஓட்டத்தைத் தடுக்க நட்ட சவுக்கமரங்களை அங்குச் சென்றோர் கண்டிருப்பர். புரட்டாதித் திங்களிலே வல்லிபுர ஆழ்வாரின் கடற்றீர்த்தத்துக்கு நடந்து சென்றோர்க்கு மணலின் இயல்பை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விரைந்து நடப்பான் காலை ஊன்றி உதைக்க, மணல் பின்னே சரியும். இரண்டடி வைத்தால் ஓரடியே முன்னேறும். பாதம் முழுவதையும் பரப்பி மெல்ல வைத்து நடக்கும் கிழவர், ஓடிய இளைஞருக்கு முன்னே கடலைக் காண்பர். அலைபடும் ஈரமணலை அடைந்தவுடன் இருவருக்கும் நடை எளிதாகின்றது. மணற் பருக்கைகளுக்கு இடையே நின்ற சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருத்தலே அதற்குக் காரணம்.

சில்லுக்கும் இதுவே விதி. உலர்ந்த மணலுக்கு அடியில் யாது உளது? மேலும் மணலே. எத்துணை ஆழத்துக்குத் தோண்டினும் சில்லு ஊன்றத்தக்க வன்றரை அண்மையில் இல்லை. ஆதலின் மணலிலே சில்லு ஆழலாகாது, மிதத்தல் வேண்டும். மிதத்தற்குப் பரப்பு வேண்டும். ஒரு சில்லின் மேல் 900 இறாத்தற் பாரம் நிற்கின்றது என்றும், ரயரின் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் என்றும் கொள்வோம். அப்பாரத்தைத் தாங்க ஏறக்குறைய 30 சதுர அங்குலப் பரப்பு நிலத்திற் படியும். காற்றை 15 இறாத்தலாகக் குறைப்பின் பரப்பு ஏறக்குறைய 60 சதுர அங்குலமாகும். ரயரின் சுவரும் சிறிது பாரத்தைத் தாங்குமாதலின் கணக்கு நுட்பமாகப் பொருந்தாது. எனினும் போக்கு இதுவே. மணல் சுமக்கும் அமுக்கம் பாதியாகின்றது, சில்லு மிதக்கின்றது.

மணலோட்டிகள் கைக்கொள்ளும் பிற முறைகளும் இவ்விதியினின்றே பிறந்தவை. மணலிற் புகுமுன் தாழ்ந்த கியரை இட்டு, ஒரே சீராகச் சென்று, நடுவிலே கியர் மாற்றாது கடப்பர். முன்னே சென்ற வண்டியின் சுவட்டிலே செல்வர். அச்சுவட்டின் மணல் ஏலவே இறுகியிருக்கும். நிறுத்த நேரின் பிறேக்கை மிதியாது தானே நிற்க விடுவர். மிதித்தால் சில்லுக்கு முன்னே மணல் வரம்பாகக் குவியும். சில்லு வீணே சுழலத் தொடங்கிய கணமே காலை எடுப்பர். எடாதவன் தன் வண்டிக்குத் தானே குழி தோண்டுகின்றான். அச்சு மணலிற் படிந்தபின் எஞ்சினால் ஆவது ஒன்றுமில்லை. அப்பொழுது சவளும் காவோலையும் கிடுகுமே துணை. சில்லின் முன்புற மணலைச் சரிவாக வாரி, ஓலையைப் பரப்பி, அதன்மேல் மெல்ல ஏற்றுதல் வேண்டும். காற்றைக் குறைத்த வண்டியை விரைவாக ஓட்டலும் சடுதியாகத் திருப்பலும் ஆகா. ரயர் விளிம்பினின்று கழன்றுவிடும். தார்த்தெருவை அடைந்ததும் காற்றை மீண்டும் நிரப்புதல் கட்டாயம். காற்றில்லா ரயர் தெருவிலே சூடேறி வெடிக்கும். இக்கடைசி விதியைச் சோம்பலால் மறப்போரை யாம் பலகாலும் கண்டுள்ளோம்.

வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. மாரியில் அது ரயரின் வெட்டுகளுக்குள் அப்பி அவற்றை அடைத்துவிடும். புதிய ரயரும் மொட்டை ரயராகும். தார்த்தெருவிலும், நெடுங்கோடைக்குப் பின் ஐப்பசியில் விழும் முதன்மழையே மிகக் கொடிது. திங்கட்கணக்காகப் படிந்த எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து வழுக்குப் பசையாகின்றன. சிறிது நேரம் மழை அடித்துக் கழுவியபின் தெரு முன்னிலும் நன்றாகப் பிடிக்கும்.

ஆயின் நெல்வயலைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். வெண்பனிக்கு விடை அங்கேயே கிடக்கின்றது. சேற்று வயலை உழவியந்திரம் உழும்போது ரயரின் காற்றைக் குறைத்து மிதக்கவிட எவரும் எண்ணுவதில்லை. மாறாக, பல் வைத்த இரும்புச் சில்லைப் பூட்டுவர். பெரிய இயந்திரமாயின் பாரம் கூட்டுதற்காக ரயருக்குள் நீரும் நிரப்புவர். யாது காரணம்? ஆண்டாண்டாக உழுத வயலிற் சேற்றுக்கு அடியிலே உழாத வன்படை ஒன்று உளது. சில்லின் பற்கள் சேற்றை ஊடறுத்து அவ்வன்படையை மிதிக்கின்றன. மணலிலே சில்லு மிதந்து பிழைக்கின்றது. சேற்றிலே ஆழ்ந்து பிழைக்கின்றது. ஆகவே ஓட்டுவோன் தன்னைக் கேட்கவேண்டிய முதல் வினா, மேலே கிடப்பது யாது என்பதன்று. அதன் அடியில் யாது உளது என்பதே.

இவ்வினாவை ரொறன்ரோத் தெருவிற் கேட்போம். மேலே கிடப்பது நான்கு விரற்கடை வெண்பனி. அடியில் உள்ளது வன்மையான தெரு. ஆகவே அங்கு வேண்டுவது மிதப்பன்று, ஊடறுப்பு. அகன்ற ரயரினும் ஒடுங்கிய ரயரே பனியைக் கிழித்துத் தெருவை எட்டும். காற்றைக் குறைத்தல் பிடிப்பை மிகுவிப்பதன்று. வண்டி திருப்பத்திலே தள்ளாடவும் ரயர் தேயவும் அது வழி செய்யும். மேலும், குளிர் தானே காற்றமுக்கத்தைக் குறைத்துவிடுகின்றது. இலையுதிர்காலத்தில் 15 பாகை வெப்பநிலையில் 35 இறாத்தல் அடித்த ரயர், பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையில் ஏறக்குறைய 30 இறாத்தலுக்கு இறங்கிவிடும். ஆதலின் அந்நாட்டில் மாரிதோறும் காற்றைப் பார்த்து உரிய அளவுக்கு நிரப்பவேண்டுமேயன்றிக் குறைத்தலாகாது. இவ்விடையையே மாணவருக்கும் கூறினோம்.

இதற்கு ஒரு புறநடை உண்டு. ஐசுலாந்து நாட்டிலே பனியாறுகளின் மேற் செல்லும் வண்டிகளுக்கு மிகப்பெரிய ரயர்களைப் பூட்டி, காற்றை ஒற்றை இலக்க இறாத்தலுக்குக் குறைத்து ஓட்டுவர். அங்கே பனிக்கு அடியில் தெரு இல்லை. ஆழ்ந்த பனியே உளது. ஆகவே அது மணற்காட்டின் விதிக்கு உட்படுகின்றது. புறநடை போலத் தோன்றினும் விதியை வலியுறுத்துவதே அது.

வெண்பனிக்குரிய ரயரைப் பற்றிச் சில சொல்வோம். சாதாரண ரயரின் இறப்பர் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகின்றது. இறுகிய இறப்பர் தெருவின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு பொருந்தாது. மாரிகால ரயரோ கடுங்குளிரிலும் மென்மை மாறாத கலவையாற் செய்யப்படுவது. அதன் முகத்திலே ஆழ்ந்த வெட்டுகளும், அவற்றிடையே மயிரிழை போன்ற நுண்கீறல்களும் உள. வெட்டுகளிற் சிக்கும் பனி தெருவிலுள்ள பனியோடு ஒட்டிப் பிடிக்கும். செம்பாட்டு மண் வெட்டுகளை அடைத்தாற் கேடு. வெண்பனி அடைத்தால் நலம். மலைமுடி மூன்றும் அதனுள்ளே பனித்துகள் ஒன்றும் பொறித்த குறியைக் கொண்டு மாரிகால ரயரை அறியலாம். கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டு முதல் இத்தகைய ரயரைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியது. இன்று அங்கே மார்கழி முதலாந் தேதி முதல் பங்குனி 15 வரை அவை பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். இவை ஆங்கில மாதக் கணக்கு. ஒன்ராறியோவிற் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாமையைத் தேவை இல்லாமையாக எண்ணும் நம்மவர் அங்கே பலர்.

அடுத்தது பாரம். நம்மூரிற் 'பட்டா' என வழங்கும் சிறு பாரவண்டிக்கும், கனடாவின் பிக்கப் வண்டிக்கும் உருவிற் பெரிய வேறுபாடு உண்டாயினும் குறை ஒன்றே. பின்றட்டு வெறிதாயிருக்கையில் எஞ்சினின் பாரம் முன்சில்லுகளின் மேலேயே நிற்கும். அவ்வண்டிகளிற் பலவற்றில் தள்ளுவனவோ பின்சில்லுகள். பாரமில்லாச் சில்லுக்குப் பிடிப்பில்லை. ஆகவே வெறும் பிக்கப் சிறு காரினும் எளிதாக வழுக்கும். இதற்குப் பரிகாரம் இரண்டு மூன்று அந்தர் மணலைச் சாக்குகளிற் கட்டிப் பின்னச்சுக்கு நேர்மேலே வைத்தலாம். வால்புறத்தில் வைத்தால் முன்புறம் எழும்பித் திருப்பும் சில்லுகள் பிடிப்பிழக்கும். சாக்குகளை இறுகக் கட்டுதலும் வேண்டும்; அவிழ்ந்த மூடை மோதுகையில் முன்னே பாயும். மணற்காட்டிலே நம்மை விழுங்கிய அதே மணல், கனடாவிலே பாரமாகவும் இருந்து, புதைந்தவிடத்துச் சில்லின் கீழ்த் தூவவும் உதவுகின்றது! ஆயினும் பாரம் ஏற ஏற நிறுத்துதற்கு வேண்டிய விசையும் ஏறுமாதலின் அளவு கடத்தலாகாது. முன்சில்லுகள் தள்ளும் வண்டிக்கு இவ்வுபாயம் வேண்டியதேயில்லை.

பிடிப்பை ஒரு குடும்பத்தின் வருவாயாக எண்ணுக. செலவுகள் மூன்று: ஓட்டம், நிறுத்தம், திருப்பம். உலர்ந்த தெருவில் வருவாய் பெரிது. மூன்றையும் ஒருங்கே செய்து தப்பலாம். வெண்பனியில் வருவாய் மூன்றிலொன்றுக்கும் குறைந்துவிடுகின்றது. வளைவிலே திருப்புதற்கே எல்லாம் செலவாகிவிட, பிறேக்குக்கு ஒன்றும் எஞ்சாது. ஆதலின் வளைவுக்கு முன்னரே, நேராகச் செல்லும்போதே, வேகத்தைக் குறைத்து முடித்தல் வேண்டும். புறப்படுகையில் இரண்டாங் கியரில், சில்லுகளை நேராக வைத்து, அக்சிலேற்றரை முட்டையை மிதிப்பார்போல மிதித்தல் வேண்டும்.

கணக்கு ஒன்று கூறுவோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள உலர்ந்த தெருவில், பிறேக் பிடித்தபின் ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கும். குணகம் 0.2 ஆகவுள்ள மிதிபட்ட பனியில் 49 மீற்றர் செல்லும். 0.1 ஆகவுள்ள பனிக்கட்டியில் 98 மீற்றர் செல்லும். காலைத் தூக்கிப் பிறேக்கில் வைக்கும் ஒரு கணத்திலேயே மேலும் 14 மீற்றர் கழிந்துவிடுகின்றது. 98 மீற்றர் ஓட்டப்பந்தயத் தூரம் என்பதை விளையாட்டுத்திடலில் ஓடியோர் அறிவர்.

நான்கு சில்லும் தள்ளும் வண்டியை வாங்கியோர் இவ்விடத்திலேயே ஏமாறுகின்றனர். நாற்சில்லுந் தள்ளுதல் புறப்படுதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிறேக் எல்லா வண்டியிலும் நான்கு சில்லுக்கும் உண்டு. எளிதாகப் புறப்பட்ட வண்டி, தெரு நன்றாகப் பிடிக்கின்றதென்னும் பொய்யெண்ணத்தை ஓட்டுவோனுக்கு ஊட்டுகின்றது. பிறேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் பொறியமைப்பும் அத்தகையதே. அது திருப்பும் ஆற்றலைக் காக்கும். பொருக்குப் பனியிலோ நிற்கும் தூரத்தைச் சில வேளை கூட்டவும் செய்யும்.

பின்புறம் வழுக்கிப் பக்கவாட்டிற் செல்லுமாயின் பிறேக்கை மிதியாது, அக்சிலேற்றரை மெல்ல விட்டு, தான் செல்ல வேண்டிய திசையையே நோக்கி அத்திசைக்குத் திருப்புதல் வேண்டும். அஞ்சியவன் கண் மதகையே பார்க்கும். கை கண்ணின் வழியே செல்லும். முன்புறம் திரும்ப மறுத்து நேரே செல்லுமாயின், மேலும் மேலும் திருப்புதல் பயனற்றது. காலைத் தளர்த்திச் சிறிது நேராக்கினாற் சில்லு மீண்டும் பிடிக்கும். வேகத்தைத் தானே காக்கும் கருவியைப் பனியில் இயக்கலாகாது. பாலங்களின் மேலும் கீழும் குளிர்காற்று ஓடுதலால் அவையே முதலில் உறையும். தெருவின் கருமை தெரியும்படி கண்ணாடிபோற் படிந்த மெல்லிய பனிக்கட்டி, ஈரமென்று எண்ணும்படி ஏமாற்றும். 0 பாகையை அடுத்த வேளையில் அது மிக வழுக்கும்.

தெருவில் உப்புத் தூவுவது இதற்கே. உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்தும். மிகச் செறிந்த உப்புநீரும் பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகையில் உறைந்துவிடும். நடைமுறையிலோ பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையைத் தாண்டியதும் உப்பின் வேலை மந்தமாகின்றது. அந்நாள்களில் மணலையே தூவுவர்.

இவ்வளவும் செய்தும் வண்டி பனியில் ஆழுமாயின், சில்லைச் சுழற்றலாகாது. சுழலுஞ் சில்லின் சூட்டிற் பனி உருகி உறைந்து பனிக்கட்டிக் குழியாகிவிடும். ஒரு பக்கச் சில்லே சுழன்று மறுபக்கச் சில்லு அசையாது நிற்பதும் உண்டு. இரு பக்கத்துக்கும் ஒத்த விசையே கொடுக்கும் டிபரன்சலின் இயல்பு அது. வழுக்குஞ் சில்லுக்கு எவ்வளவு சிறுவிசை போதுமோ அவ்வளவே மற்றதற்கும் கிட்டும். உழவியந்திரத்தில் அதனைப் பூட்டுதற்குத் தனியே ஒரு மிதி உண்டு. சில பிக்கப்புகளிலும் பூட்டு உண்டு. அஃதில்லையேல் முன்னும் பின்னுமாக வண்டியை மெல்ல அசைத்து, சவளாற் பனியை அகற்றி, சாக்கிலுள்ள மணலைச் சில்லின் முன்னும் பின்னும் தூவி ஏற்றுக.

உதவி வரும்வரை வண்டிக்குள் இருக்க நேரின், சூட்டுக்காக எஞ்சினை இயக்குமுன் இறங்கிச் சென்று புகைக்குழாயின் வாயை அடைத்த பனியைக் கையால் அகற்றுக. அடைபட்ட குழாயினின்று காபனோரொட்சைட்டு வண்டிக்குள்ளே புகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கம்போல வந்து உயிரைக் கொள்ளும். காற்று வராத பக்கத்து யன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து, மணிக்குப் பத்து நிமிடமளவே எஞ்சினை இயக்கி, ஒவ்வொரு முறையும் இயக்குமுன் குழாயை மீண்டும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.